ஃபிக்ஸட் கியர் சைக்கிள்: எந்தப் பாகத்தை முதலில் மாற்றுவது, எப்படிப் பொருத்துவது

ஃபிக்ஸட் கியர் சைக்கிளில் ஃப்ரீவீல் கிடையாது. பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் வேகம் குறையும். இன்னும் பலமாக அழுத்தினால் பின்சக்கரம் சுற்றாமல் நின்று, டயர் தரையில் தேய்த்துக்கொண்டு போகும். சாதாரண சைக்கிளில் செயினின் மேல்பக்கம் மட்டும்தான் இழுபடும். இதில் மிதிக்கும்போது மேல்பக்கமும், பின்னோக்கி அழுத்தும்போது கீழ்ப்பக்கமும் மாறி மாறி இழுபடுகின்றன. சைக்கிளை ஓட்டுவதும் நிறுத்துவதும் ஒரே மரை, ஒரே செயின். எந்தப் பாகத்துக்கு முதலில் செலவழிப்பது என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் ஹேண்டில்பாரையும் சீட்டையும் கலர் ரிம்மையும் மாற்றிவிடுகிறார்கள். காக் எனப்படும் பின் பல்சக்கரத்தைக் கழலாமல் பிடிக்கும் வளையம் லாக்ரிங்; பின்ஹப்பில் இருக்கும் அந்த மலிவான லாக்ரிங் அப்படியே இருக்கும். இது தலைகீழ். காக், லாக்ரிங், அவை ஏறும் ஹப், செயின், காலைப் பெடலோடு பிணைக்கும் பட்டை, முன்பிரேக் ஆகியவை முதலில். கியர் விகிதம், கிராங்க், டயர் அடுத்து. கண்ணுக்கு அழகானவை எல்லாம் அதற்கும் பிறகு.

ஹப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்வது

பின்சக்கரத்தைக் கழற்றி, பல்சக்கரம் ஏறும் இடத்தைப் பாருங்கள். உண்மையான ஃபிக்ஸட் ஹப்பில் இரண்டு படிகளாக மரை இருக்கும். உள்பக்கம் இருப்பது பெரியது, 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. காக் எனப்படும் சிறிய பல்சக்கரம் இதில் வலப்பக்கமாக முறுக்கி ஏறும். வெளிப்பக்கம் இருப்பது சற்றுச் சிறியது, எதிர்மரை. லாக்ரிங் இதில் இடப்பக்கமாக முறுக்கி ஏறும். பின்னோக்கி அழுத்தும்போது காக் கழலப் பார்க்கும். கழன்றால் அது லாக்ரிங்கில் உரசி, அதையும் இறுகும் திசையிலேயே திருப்பும். எதிர்மரையின் வேலை அதுதான்.

கம்பெனியிலிருந்து வரும் பல ஃபிக்ஸிகளில் ஹப்பின் ஒரு பக்கம் காக்குக்கும் மறுபக்கம் ஃப்ரீவீலுக்கும் இருக்கும். சக்கரத்தைத் திருப்பி மாட்டினால் ஃப்ரீவீலில் ஓட்டலாம். பழகும் காலத்தில் இது நல்ல வசதி. ஆனால் ஃப்ரீவீல் பக்கத்தில் எதிர்மரைப் படி இல்லை. அங்கே காக்கை ஏற்றக்கூடாது.

நம் ஊரில் பழைய சைக்கிளை ஃபிக்ஸியாக மாற்றுபவர்கள் இங்கேதான் தவறு செய்கிறார்கள். சாதாரண சைக்கிளின் ஹப்பில் ஒரே ஒரு மரைதான் உண்டு. அதில் இருக்கும் ஃப்ரீவீலை வெல்டிங் வைத்துச் சுற்றாமல் செய்து ஓட்டுகிறார்கள். ஃப்ரீவீல் பூட்டிக்கொள்ளும், ஆனால் அதை ஹப்போடு பிணைப்பது வெறும் வலது மரை. பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் அந்த மரை கழலும் திசையிலேயே பலம் போகிறது. என்றைக்காவது பலமாக நிறுத்தப் பார்க்கும்போது மொத்தமும் கழன்றுகொண்டு கால் வெறுமனே பின்னால் சுற்றும். மரைப் பசை ஊற்றினாலும் இதே கதைதான், சற்றுத் தாமதமாக நடக்கும். அப்படிப்பட்ட சைக்கிளை இரண்டு பிரேக்கும் வைத்துச் சாதாரண சைக்கிளாக ஓட்டுவதே நல்லது.

எதையும் வாங்கும் முன் எடுக்க வேண்டிய அளவுகள்

ஒரு ஸ்கேலும் வெர்னியர் காலிப்பரும் போதும். பின்ஃபோர்க்கின் இரு காதுகளுக்கு இடையே உள்பக்க அகலம்: டிராக் ஃப்ரேமில் (பந்தயத் தடத்தில் ஓட்டும் வகை) 120 மி.மீ., பழைய ரோடு ஃப்ரேமில் 126, அதற்குப் பிந்தியதில் 130. இரும்பு ஃப்ரேம் 126 இருந்து ஹப் 120 என்றால் ஆக்சிலில் இரு பக்கமும் 3 மி.மீ. வாஷர் போட்டுச் சரிசெய்யலாம், ஆக்சில் நீளம் போதுமானால். அலுமினிய ஃப்ரேமையும் கார்பன் ஃப்ரேமையும் நெருக்கியோ விரித்தோ பொருத்தவே கூடாது, வெடிப்பு விடும்.

ஆக்சில் உட்காரும் பள்ளம் பின்னோக்கித் திறந்தோ கிடைமட்டமாகவோ இருக்க வேண்டும். நேராகக் கீழே இறங்கும் பள்ளமாக இருந்தால் சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்த முடியாது, செயின் இறுக்கம் வைக்கவே வழியில்லை. அந்த ஃப்ரேமை விட்டுவிடுங்கள்.

பி.பி. (கிராங்கைத் தாங்கும் அச்சும் பேரிங்கும்) ஏறும் குழாயின் அகலம் 68 மி.மீ. என்றால் பெரும்பாலும் ஆங்கில மரை. அதில் செயின் பக்கம் எதிர்மரை. 70 மி.மீ. என்றால் இத்தாலிய மரை, இரு பக்கமும் வலது மரை. இது தெரியாமல் பி.பி. கப்பை முறுக்கினால் ஃப்ரேமின் மரையே போய்விடும். செயின்ரிங் (கிராங்கில் இருக்கும் பெரிய பல்சக்கரம்) போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம் டிராக் கிராங்கில் 144 மி.மீ., ரோடு கிராங்கில் பொதுவாக 130 அல்லது 110.

செயின் அகலம் இரண்டு வகை: 1/8 அங்குலம், 3/32 அங்குலம். நம் ஊர் சாதாரண சைக்கிளின் செயின் 1/8 வகை. 1/8 செயின் இரண்டு வகைப் பல்லிலும் ஓடும். 3/32 செயின் 1/8 பல்லில் உட்காராது. செயின், செயின்ரிங், காக் மூன்றையும் 1/8 ஆகவே வாங்கினால் பல் தடிமனாக இருக்கும், தேய நாளாகும்.

காக், லாக்ரிங்

காக் இரும்பில்தான் இருக்க வேண்டும். அலுமினியக் காக் எடை குறைவு என்று விற்பார்கள்; பல் சீக்கிரம் தேயும், மரை அதற்கு முன்பே போகும். மரை ஏறும் உள்விளிம்பு அகலமாக இருக்கும் காக்கே நல்லது, ஏனென்றால் ஹப்பின் அலுமினிய மரை முழுவதும் பலத்தைப் பகிர்ந்துகொள்ளும். ஷிமானோ டுரா-ஏஸ், சர்லி, சுகினோ ஆகியவற்றின் காக்குகள் நம்பகமானவை. லாக்ரிங்கும் இரும்பாகவே, ஆழமான பள்ளங்களோடு இருக்கட்டும். மெல்லிய லாக்ரிங்கில் ஸ்பேனர் வழுக்கிப் பள்ளம் உருண்டுவிடும், பிறகு கழற்றவும் முடியாது.

தேவையான கருவிகள்: செயின் விப் (காக்கைப் பிடித்துத் திருப்ப, செயின் துண்டு மாட்டிய கைப்பிடி), லாக்ரிங்குக்கான கொக்கி ஸ்பேனர், 15 மி.மீ. ஸ்பேனர், கிரீஸ், மண்ணெண்ணெய், பழைய பல் பிரஷ். கொக்கி ஸ்பேனர் இல்லாமல் உளியும் சுத்தியலும் வைத்து லாக்ரிங்கை அடிப்பது பல கடைகளில் நடக்கிறது. அது எவ்வளவு இறுகியது என்று யாருக்கும் தெரியாது, அனுமதிக்காதீர்கள்.

1. ஹப் மரையையும் காக் மரையையும் மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் உலரத் துடையுங்கள். மரையின் முகடுகள் கூர்மையாக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

2. ஹப் மரையில் மெல்லிய கிரீஸ் பூசுங்கள். காய்ந்த அலுமினியத்தில் இரும்பை முறுக்கினால் பாதியில் பிடித்துக்கொள்ளும், இறுகியது போலத் தோன்றும்.

3. காக்கை விரல்களால் மட்டும் ஏற்றுங்கள். கடைசிவரை தடங்கலின்றிப் போக வேண்டும். ஒரு சுற்றிலேயே இறுகினால் மரை குறுக்கே ஏறுகிறது என்று பொருள். உடனே பின்வாங்கி மீண்டும் தொடங்குங்கள்.

4. சக்கரத்தைச் சுவரில் சாய்த்து, செயின் விப்பை மாட்டி, உடல் எடையை வைத்து வலப்பக்கம் அழுத்துங்கள். இதில் தயக்கம் கூடாது.

5. லாக்ரிங்கை இடப்பக்கமாகக் கையால் ஏற்றி, கொக்கி ஸ்பேனரால் பலமாக இறுக்குங்கள்.

6. முன்பிரேக்கை மட்டும் நம்பி, பின்னோக்கி அழுத்தாமல், ஒரு மேட்டில் எழுந்து நின்று நன்றாக மிதித்து ஏறுங்கள். காக் இன்னும் சற்று இறுகும். அதனால் லாக்ரிங் தளரும். திரும்பி வந்து காக்கையும் லாக்ரிங்கையும் மறுபடி இறுக்குங்கள். லாக்ரிங் நகரவே நகராத நிலை வரும்வரை இதைச் செய்யுங்கள்.

ஆறாவது படியைத் தவிர்ப்பவர்களின் ஹப்தான் கெட்டுப்போகிறது. லாக்ரிங் ஒரு நூலளவு தளர்ந்திருந்தால்கூட ஒவ்வொரு முறை பின்னோக்கி அழுத்தும்போதும் காக் சில பாகைகள் கழன்று, மிதிக்கும்போது மறுபடி இறுகும். இப்படி முன்னும் பின்னும் அசைந்து ஹப்பின் அலுமினிய மரையைத் தின்றுவிடும். காலில் ‘டக்’ என்று ஓர் அசைவு தெரிந்தாலோ, காக்கின் ஓரத்தில் வெள்ளித் தூள் படிந்தாலோ ஓட்டுவதை நிறுத்திக் கழற்றிப் பாருங்கள். மரை போன ஹப்புக்கு மருந்து கிடையாது.

செயின் லைன்

செயின்ரிங்கும் காக்கும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். டிராக் அளவு, ஃப்ரேமின் நடுக்கோட்டிலிருந்து 42 மி.மீ. பின்பக்கம் அளப்பது எளிது. 120 மி.மீ. ஹப்பில் பாதி 60. ஃப்ரேமின் காது உள்முகத்திலிருந்து காக் பல்லின் நடுவரை 18 மி.மீ. இருந்தால் 60-18, ஆக 42. முன்பக்கம், சீட் குழாயின் விட்டத்தில் பாதியை எடுத்துக்கொண்டு, குழாயின் விளிம்பிலிருந்து செயின்ரிங் பல்லின் நடுவரை உள்ள தூரத்தைக் கூட்டுங்கள். 28.6 மி.மீ. குழாய் என்றால் 14.3 கூட்டல் 27.7.

இரண்டுக்கும் 1 மி.மீ. வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. 2 மி.மீ.க்கு மேல் போனால் சத்தம் வரும், பல் ஒரு பக்கமாகத் தேயும், குழியில் இறங்கும்போது செயின் கழன்று விழ வாய்ப்பு அதிகம். சரிசெய்ய வேண்டிய இடம் பி.பி.யின் அச்சு. அச்சு இரு பக்கமும் சமமாக நீளும் வகையாக இருந்தால் 2 மி.மீ. நீளமான அச்சு செயின்ரிங்கை 1 மி.மீ. வெளியே தள்ளும்.

இங்கே இன்னொரு பொறி இருக்கிறது. சதுர முனை அச்சில் ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தரம்), ஐ.எஸ்.ஓ. (சர்வதேசத் தரம்) என்று இரண்டு அளவுகள் உண்டு, சாய்வுக் கோணம் ஒன்றே. ஐ.எஸ்.ஓ. அச்சில் ஜே.ஐ.எஸ். கிராங்கை ஏற்றினால் ஏறிவிடும். ஆனால் சுமார் 4.5 மி.மீ. அதிகமாக உள்ளே போய் நிற்கும், செயின் லைன் கெட்டது. கிராங்கோடு எந்த பி.பி. நீளமும் எந்த வகையும் வேண்டும் என்று தயாரிப்பாளர் குறித்திருப்பார். இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.

கிராங்க் போல்ட்டை 35 முதல் 40 நியூட்டன்-மீட்டர் வரை இறுக்க வேண்டும். 20 செ.மீ. ஸ்பேனரின் முனையில் 18 கிலோ, 20 கிலோ தொங்கினால் வரும் பலம் அது. தளர்ந்த கிராங்கோடு ஒரு நாள் ஓட்டினால் அலுமினியத் துளை உருண்டையாகிவிடும். அதன்பின் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

செயின் இறுக்கம்

செயினை மாட்டும் முன் ஓர் எச்சரிக்கை. ஃபிக்ஸட் கியரில் சக்கரம் சுற்றும்போது விரலையோ துணியையோ செயின் அருகில் கொண்டுபோகக் கூடாது. சாதாரண சைக்கிளில் விரல் மாட்டினால் ஃப்ரீவீல் விட்டுக்கொடுக்கும். இதில் சக்கரத்தின் வேகம் முழுவதும் செயினில் இருக்கிறது, விரல் பல்லுக்குள் போய்த் துண்டாகிவிடும். துடைப்பதும் எண்ணெய் விடுவதும் சக்கரம் முழுதாக நின்றபிறகுதான். கிராங்கைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிச் செய்யுங்கள்.

சக்கரத்தைப் பின்னால் இழுத்து, செயின் பக்க நட்டை லேசாக இறுக்குங்கள். டயரை இடப்பக்கம் தள்ளுங்கள். இடப்பக்க நட்டை இறுக்குங்கள். வலப்பக்க நட்டைத் தளர்த்தி டயரை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு முறையும் ஆக்சில் ஒரு பக்கம் சற்றுப் பின்னால் நகரும். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் சரியான இறுக்கம் வந்துவிடும். டயர் இரண்டு பக்கக் குழாய்களுக்கும் நடுவில் இருப்பதைப் பார்த்து, நட்டுகளை 30 முதல் 40 நியூட்டன்-மீட்டருக்கு இறுக்குங்கள்.

செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் மொத்தம் 1 செ.மீ. அளவு ஆட வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் செயின் கழலும். கழன்ற செயின் காக்கில் சிக்கினால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் பேரிங்குகள் வீணாகும், மிதிக்கும்போது முனகும் சத்தம் கேட்கும்.

கிராங்கைச் சுற்றிப் பார்த்தால் ஓரிடத்தில் செயின் இறுகி, எதிர்ப்பக்கம் தளரும். செயின்ரிங் மிகச் சிறிதளவு மையம் விலகி உட்கார்ந்திருப்பதுதான் காரணம். ஐந்து போல்ட்டுகளையும் சற்றுத் தளர்த்துங்கள். மெல்ல நகரும் அளவுக்குப் போதும். செயின் மிக இறுகும் இடத்தில் நிறுத்தி, மேல் செயினை மரக்கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள், செயின்ரிங் தானே சற்று நகர்ந்து உட்காரும். மறுபடி சுற்றி, அடுத்த இறுகும் இடத்தில் தட்டுங்கள். இறுக்கம் எங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆனதும் போல்ட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இறுக்குங்கள்.

செயின் தேய்ந்ததா என்று பார்க்க ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 பின் தள்ளி அளந்தால் புதிய செயினில் 304.8 மி.மீ. வரும். 307 தாண்டினால் மாற்றிவிடுங்கள். தேய்ந்த செயினை வைத்திருந்தால் காக், செயின்ரிங் இரண்டின் பல்லும் கூடவே போகும்.

கியர் விகிதம்

செயின்ரிங் பல் எண்ணிக்கையைக் காக் பல் எண்ணிக்கையால் வகுத்தால் விகிதம். சமதள நகரத்தில் தொடங்குபவருக்கு 46×17 நல்லது, விகிதம் 2.71. 700×28 டயரின் சுற்றளவு சுமார் 2.14 மீட்டர் என்பதால் ஒரு மிதிச்சுற்றுக்கு 5.8 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறக்குறைய 31 கி.மீ. பாலம், மேடு அதிகம் உள்ள ஊரில் 44×17 அல்லது 42×17. பெரிய கியர் வைத்தால் வேகம் வரும் என்று நினைத்து 48×15 போடுபவர்களுக்கு முதலில் கெடுவது நிறுத்தும் திறன். விகிதம் கூடக் கூடப் பின்னோக்கி அழுத்தி வேகத்தைக் குறைக்க அதிக பலம் வேண்டும், முழங்காலும் அதைத் தாங்க வேண்டும்.

பின்சக்கரத்தைப் பூட்டித் தேய்ப்பவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். கால் எப்போதும் ஒரே நிலையில் நின்றுதான் சக்கரத்தைப் பூட்டுகிறது. அதனால் டயரும் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டுமே தேயும். அந்த இடங்கள் எத்தனை என்பதை விகிதத்தைச் சுருக்கிக் கண்டுபிடிக்கலாம். சுருக்கியபின் கீழே இருக்கும் எண்தான் விடை. 48/16 சுருங்கினால் 3/1. டயரில் ஒரே இடம், அது சீக்கிரமே நூல் தெரியும் அளவுக்குத் தேயும். 44/16 என்றால் 11/4, நான்கு இடம். 46/17 சுருங்காது, ஆகவே 17 இடம். மேலே இருக்கும் எண் ஒற்றைப்படையாக இருந்து, எந்தக் காலை முன்வைத்தும் தேய்க்கத் தெரிந்தால் இடங்கள் இரட்டிப்பாகும். காக்கை 17 பல்லாக வைப்பது பலருக்கும் பிடித்திருப்பதன் காரணம் இதுதான்: 17 ஒரு பகா எண், 34, 51 தவிர வழக்கமான எந்தச் செயின்ரிங்கோடும் சுருங்காது.

முன்னோ பின்னோ ஒரு பல் மாற்றினால் ஆக்சில் சுமார் 3 மி.மீ. நகரும். ஃப்ரேமின் பள்ளத்தில் அந்த இடம் இருந்தால் செயினை வெட்ட வேண்டியதில்லை.

கால், கிராங்க், முன்பிரேக்

கால் பெடலிலிருந்து நழுவினால் பெடல் நிற்காது. சுற்றிவந்து கணுக்காலில் அடிக்கும். டோ கிளிப்பும் (கால் முன்பகுதியைப் பிடிக்கும் கூண்டு) தோல்பட்டையும், அல்லது தட்டைப் பெடலில் அகலமான வெல்க்ரோ பட்டை, இரண்டில் ஒன்று கட்டாயம். தொடங்குபவர்களுக்கு வெல்க்ரோ பட்டையே எளிது. காலை உள்ளே விடவும் எடுக்கவும் பழகுவதற்கு ஃப்ரீவீல் பக்கத்தைப் பயன்படுத்துங்கள்.

கிராங்க் நீளம் 165 மி.மீ. எடுங்கள். வளைவில் சாயும்போதும் பெடல் சுற்றிக்கொண்டே இருக்குமாதலால் நீளமான கிராங்கின் பெடல் தரையில் இடித்துப் பின்சக்கரத்தைத் தூக்கிவிடும். ரோடு ஃப்ரேமின் பி.பி. டிராக் ஃப்ரேமைவிடத் தாழ்வாக இருக்கும், அங்கே இது இன்னும் முக்கியம்.

முன்பிரேக் வேண்டுமா என்ற விவாதத்துக்கு இடமே இல்லை. நிறுத்தும்போது எடை முன்சக்கரத்துக்குப் போகிறது, பின்சக்கரத்தின் பிடிப்பு குறைகிறது. பின்சக்கரத்தை மட்டும் பூட்டி நிற்க, நல்ல முன்பிரேக்கால் நிற்பதைவிட ஏறக்குறைய இரட்டிப்பு தூரம் வேண்டும். ஈரச் சாலையில் இன்னும் மோசம். பிரிட்டனில் சாலையில் ஓடும் ஃபிக்ஸிக்கு முன்பிரேக் சட்டப்படி கட்டாயம். ஜப்பானில் முன்னும் பின்னும் இரண்டும் வேண்டும். பிரேக் இல்லாமல் ஓடுவது வெலோட்ரோம் எனப்படும் சைக்கிள் பந்தயத் தடத்தில் மட்டும்தான். அங்கே எல்லோரும் ஒரே திசையில், குறுக்கே எதுவும் வராத பாதையில் ஓடுகிறார்கள்.

வாங்கும் முன் ஃபோர்க்கில் பிரேக் துளை இருக்கிறதா பாருங்கள். துளை இல்லாத டிராக் ஃபோர்க்கைத் துளைக்காதீர்கள். துளையுள்ள ஃபோர்க்கையே வாங்குங்கள். துளையின் நடுவிலிருந்து ரிம்மில் கட்டை படும் இடம்வரை அளந்தால், 39 முதல் 49 மி.மீ. வரை குட்டை பிரேக், 47 முதல் 57 வரை நீள பிரேக். லிவர், தட்டை ஹேண்டில்பாருக்கு 22.2 மி.மீ., வளைந்த ஹேண்டில்பாருக்கு 23.8 மி.மீ. முன் ரிம்மின் பக்கச்சுவர் பெயின்ட் இல்லாமல் சீவிய அலுமினியமாக இருக்க வேண்டும். கலர் பூசிய ரிம்மில் கட்டை பிடிக்காது.

டயரில் பெரிய நுணுக்கம் இல்லை. நம் சாலைக்கு 28 மி.மீ., ஃப்ரேம் இடம் கொடுத்தால் 32. பின்னுக்குத் தடிப்பான ரப்பர். சக்கரம் 32 அல்லது 36 போக்ஸ். ஃபிக்ஸட் ஹப்பில் போக்ஸ் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் சாய்வதால் பல்கியர் சைக்கிளின் பின்சக்கரத்தைவிட இது இயல்பாகவே வலுவானது; கோட்டம் அடிக்கடி வராது.

பழைய பாகங்களை வாங்கும்போது

ஜப்பானின் கெய்ரின் பந்தயத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட பாகங்களில் என்.ஜே.எஸ். முத்திரை இருக்கும். கெய்ரின் 1948-ல் கொகுராவில் தொடங்கியது; பணம் கட்டும் பந்தயம் என்பதால் எல்லோரின் சைக்கிளும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பாகத்துக்கும் விதி வைத்தார்கள். வேலைப்பாடு அருமையாக இருக்கும். ஆனால் அந்த ஹப்புகளில் பல தனிக் குண்டுகள் போட்ட பேரிங். மழை, புழுதியில் ஓட்டினால் அடிக்கடி பிரித்துக் கிரீஸ் வைக்க வேண்டும். தினமும் ஓட்டும் சைக்கிளுக்கு மூடிய பேரிங் ஹப்பே பொருத்தம்.

எந்தப் பழைய கிராங்கையும் துடைத்துவிட்டு, பெடல் துளையைச் சுற்றியும், கைகள் பிரியும் கவட்டையிலும் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஹப் வாங்கப் போகும்போது ஒரு புதிய காக்கையும் லாக்ரிங்கையும் பையில் எடுத்துச் செல்லுங்கள். கையால் ஏற்றிப் பாருங்கள். முழுவதும் ஏறியபின்னும் காக் பக்கவாட்டில் ஆடினால், விலை எவ்வளவு குறைத்தாலும் அந்த ஹப்பை வாங்காதீர்கள்.